கிளினிக்கல் பரீட்சையின் புள்ளியை எவ்வளவு நம்பலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இறுதி எம்.பி.பி.எஸ். பரீட்சை முடிவுகள் வெளிவரும் ஒவ்வொரு முறையும் யாழ்ப்பாணத்தில் மாணவர்களும் பெற்றோரும் புதிதாகப் பரீட்சகர் ஆசனத்தில் அமர்ந்த இளம் விரிவுரையாளர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றே. எழுத்துப் பரீட்சையைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. நோயாளியின் கட்டிலருகே நடக்கும் பரீட்சையைப் பற்றியே கேட்கிறார்கள். கற்பிப்பவன், பரீட்சகனாகவும் அமர்பவன் என்ற முறையில் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

நம்பகத்தன்மை என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு மாணவி இன்று காலை ஒரு பரீட்சகர் முன்னிலையில் ஒரு நோயாளியைப் பரிசோதித்து 54 புள்ளி பெறுகிறார். அவருக்கு வேறொரு நோயாளியும் வேறொரு பரீட்சகரும் வேறொரு நாளும் வாய்த்திருந்தால் அந்தப் புள்ளி எவ்வளவு மாறியிருக்கும்? அதிகம் மாறாது என்றால் பரீட்சையின் நம்பகத்தன்மை உயர்வு. 54 என்பது 44 ஆகவோ 63 ஆகவோ போயிருக்கலாம் என்றால் தாழ்வு. இதை 0 முதல் 1 வரையான ஓர் எண்ணால் குறிப்பார்கள். ஒருவரை வைத்தியராக அனுமதிப்பதா என்று தீர்மானிக்கும் பரீட்சைக்கு 0.8 அளவிலாவது இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட எதிர்பார்ப்பு.

பரீட்சகரின் நேர்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பக்கச்சார்பு துளியும் இல்லாத, மிகுந்த அனுபவமுள்ள ஒரு பேராசிரியர் நடத்தும் பரீட்சையும் நம்பகத்தன்மை குறைந்ததாக இருக்கலாம். குறை அவரிடம் இல்லை. அவர் பார்த்த மாதிரி சிறியது.

என் மகன் வார்டில் எல்லோரும் மெச்சும்படி செய்பவன். பரீட்சையில் மட்டும் எப்படித் தடுமாறினான்?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பெற்றோர் பெரும்பாலும் பதற்றத்தைக் காரணமாக நினைக்கிறார்கள். பதற்றம் உண்டுதான். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது.

மருத்துவர்கள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று ஆர்தர் எல்ஸ்டீனும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் ஆராய்ந்து 1978இல் வெளியிட்டார்கள். நோயறியும் திறன் என்று ஒரு பொதுத் திறன் இருக்கும், அது உள்ளவர் எந்த நோயாளியிடமும் நன்றாகச் செய்வார், இல்லாதவர் எங்கும் தடுமாறுவார் என்பதே அதுவரை பலரும் எண்ணியிருந்தது. ஆய்வில் கண்டது வேறு. ஒரு நோயாளியிடம் சிறப்பாகச் செயற்பட்டவர் அடுத்த நோயாளியிடமும் அப்படியே செய்வார் என்று எதிர்வுகூற முடியவில்லை. அந்த நோயைப் பற்றிய அறிவும் முன் அனுபவமும் ஒவ்வொரு தடவையும் குறுக்கே வந்தன. அதற்குப் பின் நாடு நாடாக, பரீட்சை பரீட்சையாக இதே முடிவு திரும்பத் திரும்பக் கிடைத்திருக்கிறது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வழக்கு. பானை முழுவதும் ஒரே நெருப்பில், ஒரே நேரத்தில் வெந்ததால் அது சோற்றுக்குச் சரி. மாணவரின் திறன் அப்படி வேகுவதில்லை. இதய நோய் விடுதியில் இரண்டு மாதம் ஆர்வத்தோடு நின்றவர் நரம்பியல் விடுதியில் காய்ச்சலோடு பாதி நாள் போகாமல் இருந்திருக்கலாம். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்து அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அப்படியானால் லோங் கேஸ் வெறும் அதிர்ஷ்டமா?

அதிர்ஷ்டத்துக்கு அதில் நியாயமற்ற அளவு பங்கு இருக்கிறது என்பதே என் பதில். லோங் கேஸ் என்றால் என்னவென்று அறியாத பெற்றோருக்காகச் சொல்கிறேன். மாணவரை ஒரு நோயாளியிடம் விட்டுவிடுவார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அவர் வரலாறு கேட்டு, உடலைப் பரிசோதித்து, தன் முடிவோடு பரீட்சகர்கள் முன் வர வேண்டும். பிறகு கேள்விகள்.

ஒரே காலையில், அடுத்தடுத்த இரண்டு கட்டில்களை நினைத்துப் பாருங்கள். முதற் கட்டிலில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். நீரிழிவு வந்த ஆண்டு, மாத்திரைகளின் பெயர், கடைசி இரத்தப் பரிசோதனையின் அளவு எல்லாவற்றையும் வரிசையாக ஒப்புவிக்கிறார். கிளினிக் கொப்பியும் தலையணைக்குக் கீழே இருக்கிறது. இரண்டாம் கட்டிலில் புகையிலைத் தோட்டத்தில் வாழ்நாளெல்லாம் உழைத்த முதியவர். காது சரியாகக் கேட்காது. முட்டு எப்போது தொடங்கியது என்றால் மழைக்கு முன்பு என்கிறார். எந்த மழை என்றால் மகளைக் கேட்கச் சொல்கிறார். மகள் காலைச் சாப்பாடு எடுத்துவர வீட்டுக்குப் போயிருக்கிறார். முதியவர் சுருட்டுப் புகைத்ததை அறியவே மாணவருக்குப் பத்து நிமிடம் போய்விடுகிறது. போதாததற்கு, அன்று காலை அவரிடம் வரும் மூன்றாவது மாணவர் இவர். முதல் மாணவருக்குக் கிடைத்த பொறுமை இவருக்குக் கிடைக்கவில்லை. இரண்டு மாணவர்களும் ஒரே புள்ளித் தாளில், ஒரே அளவுகோலால் மதிப்பிடப்படுகிறார்கள்.

அமெரிக்காவில் மருத்துவப் பரீட்சகர்களின் தேசிய சபை 1960களிலேயே தன் கட்டிலருகுப் பரீட்சையின் தரவுகளைப் பார்த்தது. ஒரே மாணவருக்கு இரு பரீட்சகர்கள் தனித்தனியே வழங்கிய மதிப்பீடுகள் ஒன்றோடொன்று மிகக் குறைவாகவே ஒத்துப்போயின. அந்தப் பரீட்சையை அவர்கள் கைவிட்டார்கள். உள் மருத்துவத்துக்கான அமெரிக்கச் சபையும் 1972இல் அதே முடிவுக்கு வந்தது.

அவர்கள் கைவிட்டார்கள் என்பதற்காக நாமும் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முழு மனிதரை ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்கும் பயிற்சி மருத்துவத்தின் உயிர். லோங் கேஸுக்காகப் படிக்கும் மாணவர் வார்டுக்குப் போகிறார், நோயாளிகளோடு பேசுகிறார். வேறெந்தப் பரீட்சையும் அவரை அவ்வளவு தூரம் கட்டிலருகே இழுப்பதில்லை. குறை லோங் கேஸ் என்ற முறையில் இல்லை, அதை ஒரே ஒரு தடவை நடத்துவதில் இருக்கிறது. லண்டனில் வலரி வாஸ் முதலானோர் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. போதிய எண்ணிக்கையில் லோங் கேஸ்கள் வைத்தால் அதே நேரம் எடுக்கும் ஒஸ்கிக்கு, அதாவது மாணவர் நிலையம் நிலையமாகச் சென்று செய்யும் கட்டமைக்கப்பட்ட கிளினிக்கல் பரீட்சைக்கு, நம்பகத்தன்மையில் அது சளைத்ததல்ல.

எத்தனை நோயாளிகள் போதும்?

ஸ்பியர்மன், பிரவுன் ஆகிய இருவரும் 1910இல் தனித்தனியே வெளியிட்ட ஒரு சூத்திரம் இதற்குக் கைகொடுக்கிறது. ஒரு நோயாளியை மட்டும் வைத்து நடத்தும் மதிப்பீட்டின் நம்பகத்தன்மை 0.3 என்று எடுத்துக்கொள்வோம். நோயாளிகள் 2 ஆனால் அது 0.46. 4 ஆனால் 0.63. 10 ஆனால்தான் 0.81. அங்கிருந்து 0.9ஐ எட்ட ஏறத்தாழ இரு மடங்கு, அதாவது 21 நோயாளிகள் வேண்டும்.

இந்த எண்களைக் கவனமாகப் பாருங்கள். ஒன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது கிடைக்கும் ஆதாயம் மிகப் பெரியது. பத்துக்குப் பிறகு ஒவ்வொரு படியும் விலை கூடியது. ஆளும் நேரமும் குறைந்த ஒரு பீடத்துக்கு இது நல்ல செய்தி என்றே நான் நினைக்கிறேன்.

கடுமையான பரீட்சகர் கிடைத்தால் என்ன செய்வது?

கடுமையான பரீட்சகரும் உண்டு, தாராளமானவரும் உண்டு. மாணவர்கள் அவர்களின் பெயர்ப் பட்டியலையே வைத்திருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அவர்களின் தாக்கம் மாணவர்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. பிரித்தானியாவில் மருத்துவர்கள் பட்டத்துக்குப் பின் எழுதும் எம்.ஆர்.சி.பி. பரீட்சையின் பேசெஸ் எனப்படும் கிளினிக்கல் பகுதியை ஆராய்ந்து மக்மானஸ் முதலானோர் 2006இல் வெளியிட்ட கட்டுரையில், புள்ளி வேறுபாடுகளில் தற்செயலாக வருவதை விடுத்து எஞ்சும் முறையான பகுதியில் 12 சதவீதமே பரீட்சகரின் கடுமை அல்லது தாராளத்தால் வந்தது. 87 சதவீதம் பரீட்சார்த்திகளிடையே இருந்த உண்மையான வேறுபாடு. அந்த 12 சதவீதத்தைப் புறக்கணிக்க முடியாது. எல்லைக்கோட்டில் நிற்பவரின் தலைவிதியை மாற்ற அது போதும்.

பல இடங்களில் செய்யும் பரிகாரம், ஒரு நோயாளிக்கு இரு பரீட்சகர்களைச் சேர்த்து உட்கார வைப்பது. ஒருவரை ஒருவர் கண்காணிப்பார்கள், மாணவருக்கும் பாதுகாப்பு உணர்வு வரும். ஆனால் இருவரும் பார்ப்பது அதே ஒரு நோயாளியை, அதே ஒரு செயற்பாட்டை. அதோடு மூத்தவர் வாய் திறந்தால் இளையவரின் பேனா அந்தப் பக்கம் சாய்கிறது. கையில் நான்கு பரீட்சகர்கள் இருந்தால் அவர்களை நான்கு நோயாளிகளிடம் பிரித்து விடுவதே மேல். அப்போது நோயாளியால் வரும் வேறுபாடும் பரீட்சகரால் வரும் வேறுபாடும் ஒன்றாகவே சமனாகின்றன. பேசெஸ் பரீட்சையில் பரீட்சார்த்தி ஐந்து நிலையங்களில் பத்துப் பரீட்சகர்களைச் சந்திக்கிறார். ஒவ்வொரு நிலையத்திலும் இருவரும் கலந்து பேசாமல் தனித்தனியே புள்ளியிடுகிறார்கள். எவருடைய கடுமையும் அங்கே தனித்து ஆட்சி செய்ய முடியாது.

வேறுபாடு எங்கிருந்து எவ்வளவு வருகிறது என்று இப்படிப் பிரித்துக் காட்டும் கணிதத்துக்கு அடிப்படையிட்டது 1963இல் வெளியான ஒரு கட்டுரை. குரோன்பாக், கிளெசர் ஆகியோரோடு சேர்ந்து அதை எழுதியவர் நாகேஸ்வரி ராஜரத்தினம். உலகெங்கும் மருத்துவக் கல்வியாளர்கள் இன்றும் இந்த முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பெயரை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஒஸ்கி வந்த பிறகும் ஏன் இந்தப் பேச்சு?

ரொனால்ட் ஹார்டன் ஸ்கொட்லாந்தின் டண்டியில் ஒஸ்கியை உருவாக்கி 1975இல் வெளியிட்டபோது அவர் தீர்க்க முயன்றது இதே சிக்கலைத்தான். மணி அடித்தால் மாணவர் அடுத்த நிலையத்துக்குப் போகிறார். எல்லோருக்கும் ஒரே பணி, ஒரே நேரம், ஒரே புள்ளித் தாள். அதன் பலம் கட்டமைப்பில் இருப்பதாகவே பலர் எண்ணினார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் கூடுதல் பங்கு நிலையங்களின் எண்ணிக்கைக்கே என்று காட்டின. ஆறு நிலையங்கள் மட்டும் வைத்து 45 நிமிடத்தில் முடித்துவிடும் ஒஸ்கி, பெயருக்கு ஒஸ்கியாக இருக்கலாம். அதன் நம்பகத்தன்மை பழைய முறையைவிட உயர்ந்ததாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. 0.8ஐத் தொட மூன்று, நான்கு மணி நேரம் வரை சோதிக்க வேண்டியிருக்கும்.

ஒஸ்கியில் பரீட்சகர் கையில் இருக்கும் சரிபார்ப்புப் பட்டியலைப் பற்றியும் ஒரு சொல். கை கழுவினாரா, பெயர் சொன்னாரா, அனுமதி கேட்டாரா என்று கோடிடுவது தொடக்க நிலை மாணவருக்குப் பொருந்தும். தேர்ந்த மருத்துவர் இரண்டு கேள்வியிலேயே நோயின் மூலத்துக்குப் போய்விடுவார். மீதி இருபது கட்டங்கள் வெறுமையாக இருக்கும். கனடாவில் பிரையன் ஹொட்ஜஸ் முதலானோர் 1999இல் காட்டியது இதைத்தான்: பட்டியலில் அனுபவம் மிக்கவர்கள் குறைவாகவே புள்ளி பெற்றார்கள். ஆகவே இறுதியாண்டில் நிபுணர் ஒருவர் முழுச் செயற்பாட்டையும் பார்த்து வழங்கும் ஒட்டுமொத்த மதிப்பீடும் அதில் இடம்பெற வேண்டும்.

எனக்கு 48. நண்பனுக்கு 51. அவன் சித்தி, நான் இல்லை. இது நியாயமா?

இந்தக் கேள்விக்கு முகம் கொடுப்பதுதான் எனக்கு மிகக் கடினம். ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு பரீட்சையில் மாணவர்களின் புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்திருக்கின்றன என்று காட்டும் நியம விலகல் 6, நம்பகத்தன்மை 0.75 என்று வைத்துக்கொள்வோம். 1இலிருந்து 0.75ஐக் கழித்தால் 0.25, அதன் வர்க்கமூலம் 0.5, அதை 6ஆல் பெருக்கினால் 3. அளவீட்டின் நியம வழு, அதாவது ஒரு புள்ளி தன் உண்மையான அளவிலிருந்து வழக்கமாக விலகக்கூடிய தூரம், 3 புள்ளி. 48 என்று எழுதப்பட்ட ஒருவரின் உண்மையான நிலை ஏறத்தாழ 42க்கும் 54க்கும் இடையில் எங்கேயோ இருக்கிறது என்று மட்டுமே 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். 51 பெற்றவரின் வீச்சும் ஏறத்தாழ அதே இடத்தில்தான். இந்த இருவரையும் அந்தப் பரீட்சையால் பிரித்தறிய முடியாது.

இலங்கையில் இது இன்னும் கூர்மையாகிறது. சித்தி, சித்தியின்மை மட்டும் என்றால் எல்லைக்கோட்டில் நிற்கும் சிலரையே அது பாதிக்கும். உள்ளகப் பயிற்சிக்கான வைத்தியசாலைகள் தரவரிசைப்படி கிடைப்பதால் அரைப் புள்ளி வேறுபாடும் ஒருவரை எங்கோ கொண்டு சேர்க்கிறது. அந்த அரைப் புள்ளியைத் தாங்கும் வலிமை எந்தக் கிளினிக்கல் பரீட்சைக்கும் கிடையாது. பரீட்சைச் சபைகள் முடிவுகளைத் தீர்மானிக்க அமரும்போது நியம வழுவைக் கணக்கிட்டு மேசையில் வைக்க வேண்டும். எல்லைக்கோட்டின் இருபுறமும் அந்த வழுவுக்குள் விழும் மாணவர்களுக்கு மேலதிகமாகச் சில நோயாளிகளைக் கொடுத்துப் பார்த்த பின்பே முடிவெடுக்க வேண்டும். தெளிவாகச் சித்தியடைந்தவர்களை மீண்டும் சோதித்து நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

தமிழ் தெரியாத மாணவர், தமிழ் தெரியாத பரீட்சகர்: இது யாழ்ப்பாணத்தில் புள்ளியைப் பாதிக்காதா?

பாதிக்கும். பீடத்தில் கற்பித்தல் ஆங்கிலத்தில் நடக்கிறது. வார்டில் நோயாளி தமிழில் பேசுகிறார். சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்கள் இங்கே படிக்கிறார்கள். தெற்கிலிருந்து வரும் வெளிவாரிப் பரீட்சகர்களில் பலருக்கு நோயாளி சொல்வது விளங்காது.

சத்தி, நாரி நோ, சலக்கடுப்பு என்று நோயாளி சொல்வதைப் பிடித்துக்கொள்ளும் திறன் இங்கே வேலை செய்யப்போகும் வைத்தியருக்குத் தேவையானது. அதை அளப்பதில் தவறில்லை. ஆனால் அதற்கென ஒரு நிலையம் வைத்து வெளிப்படையாக அளக்க வேண்டும். இதய முணுமுணுப்பைக் கண்டுபிடிக்கும் திறனுக்கான புள்ளியில் அது கலந்துவிட்டால் எதை அளந்தோம் என்று நமக்கே தெரியாமல் போகும். மொழி தெரியாத பரீட்சகர், வரலாறு கேட்கும் நிலையத்தில் இருப்பதைத் தவிர்த்து, உடற்பரிசோதனை நிலையத்தில் அமரலாம். ஒரு பரீட்சைக்கு அட்டவணை போடுபவர் சிறிது சிந்தித்தால் செலவில்லாமல் செய்யக்கூடிய திருத்தம் இது.

மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே சாமுவேல் கிறீன் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த மண் இது. தமிழில் பயிற்றப்பட்ட பாவனை நோயாளிகளை, அதாவது ஒரே கதையை ஒவ்வொரு மாணவரிடமும் மாறாமல் சொல்லப் பழகியவர்களை, ஓய்வுபெற்ற தாதியரிடமிருந்தும் ஆசிரியர்களிடமிருந்தும் இங்கே உருவாக்க முடியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

வார்டில் மாதக்கணக்கில் பார்த்த வைத்திய நிபுணருக்குத் தெரியாதா, யார் நல்ல மாணவர் என்று?

தெரியும் என்று அவர் நம்புவார். முடிவில் அவர் நிரப்பும் படிவத்தைப் பாருங்கள்: அறிவு, திறன், நடத்தை, தொடர்பாடல் எல்லாவற்றுக்கும் ஒரே புள்ளி. நேரத்துக்கு வந்தார், மரியாதையாக நின்றார் என்ற நல்லெண்ணம் மற்ற எல்லாவற்றின் மீதும் படிந்துவிடுகிறது. அந்த மாணவர் ஒரு நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பரிசோதிப்பதை அவர் நேரில் நின்று பார்த்தாரா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இல்லை.

ஜோன் நோர்சினி முதலானோர் 1995இல் அறிமுகப்படுத்திய மினி-சி.ஈ.எக்ஸ். இதைத் திருத்த வந்தது. வழக்கமான வார்டு வேலைக்கு நடுவில் பதினைந்து, இருபது நிமிடம் மாணவரை நேரில் கவனித்து, உடனே புள்ளியும் ஆலோசனையும் கொடுப்பது. ஒரு தடவை செய்தால் அதற்கும் பெரிய மதிப்பில்லை. வெவ்வேறு நிபுணர்கள், வெவ்வேறு நோயாளிகள், பத்துத் தடவைக்கு மேல் என்று சேரும்போது வலுவான சான்றாகிறது.

நம்பகத்தன்மை உயர்ந்தால் நல்ல பரீட்சை என்று முடிவு செய்யலாமா?

கூடாது. பல்தேர்வு வினாக்களால் உயர்ந்த நம்பகத்தன்மையை எளிதில் எட்டலாம். நோயாளியோடு பேசத் தெரியாத ஒருவர் அதில் முதலாவதாக வரவும் முடியும். ஜோர்ஜ் மில்லர் 1990இல் நான்கு படிகளைக் குறிப்பிட்டார்: அறிந்திருப்பது, எப்படி என்று அறிந்திருப்பது, செய்து காட்டுவது, நாளாந்தம் செய்வது. வினாத்தாள் கீழ் இரண்டு படிகளோடு நின்றுவிடுகிறது. அளக்க வேண்டியதை அளக்கிறோமா என்ற வலிதுடைமைக் கேள்வி எப்போதும் கூடவே நிற்க வேண்டும்.

இவ்வளவுக்கும் ஆளும் பணமும் எங்கே?

பாதி மாற்றங்களுக்குப் பணம் தேவையில்லை. ஜோடியாக உட்காரும் பரீட்சகர்களைப் பிரிக்கலாம். ஒரு நீண்ட லோங் கேஸுக்குப் பதிலாக இரண்டு, மூன்று குறுகியவற்றை வைக்கலாம். புள்ளிகளைக் கலந்து பேசுவதற்கு முன் தனித்தனியே எழுதி ஒப்படைக்கச் சொல்லலாம். பரீட்சை முடிந்ததும் நம்பகத்தன்மையைக் கணக்கிட ஒரு மடிக்கணினியும் ஒரு பிற்பகலும் போதும். போதனா வைத்தியசாலையில் நோயாளிகள் போதாவிட்டால் தெல்லிப்பழை, பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைகளின் கிளினிக்குகளில் நீண்டகால நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்களுடைய விருப்பத்தைக் கேட்டு, போக்குவரத்தும் மதியச் சாப்பாடும் கொடுத்து, ஒருவரிடம் எத்தனை மாணவர் போகலாம் என்று வரம்பு வைத்து அழைக்க வேண்டும்.

என் மகள் கிளினிக்கலில் சித்தியடையவில்லை. இப்போது என்ன செய்யலாம்?

முதலில், ஒரு நாளின் புள்ளியை வைத்து அவர் வைத்தியராகத் தகுதியற்றவர் என்று வீட்டில் யாரும் சொல்லாதீர்கள். அந்தப் புள்ளியால் அப்படிச் சொல்ல முடியாது என்பதை மேலே விளக்கியிருக்கிறேன். பிறகு, எந்தப் பகுதியில் எவ்வளவு குறைந்தது என்ற விவரத்தைப் பீடத்திடம் கேளுங்கள். எல்லா நோயாளிகளிடமும் சிறிது சிறிதாகக் குறைந்திருந்தால் அடிப்படைப் பரிசோதனை முறையைத் திரும்பப் பழக வேண்டும். ஒன்றில் மட்டும் பெரிதாகச் சரிந்து மற்றவற்றில் நன்றாக இருந்தால் அந்தத் துறை வார்டில் சில வாரங்கள் நின்றால் போதும். மீள்பரீட்சைக்கு முன் வெவ்வேறு ஆசிரியர்களிடம் போய், தான் ஒரு நோயாளியைப் பரிசோதிப்பதைத் தொடக்கம் முதல் முடிவுவரை நின்று பார்க்கும்படி மகள் கேட்க வேண்டும். ஒரே ஆசிரியரிடம் பத்துத் தடவை போவதைவிட ஐந்து ஆசிரியர்களிடம் இரண்டு தடவை போவது நல்லது. கூச்சப்பட வேண்டாம். வார்டு வேலை முடிந்து மதியம் ஒரு மணிக்குப் பிறகு கேட்டால் பெரும்பாலான நிபுணர்கள் மறுப்பதில்லை.